தொட்டிகளுக்கு அடியில் ஓர் ஆடுகளம்

மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டே இதை வாசிக்கப்போகும் என் வயதுக்காரர்களே, போன மாதம் நம் வார்டுக் கூட்டத்தில் நீங்களும்தான் இருந்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கொடுத்த டீயையும் குடித்தீர்கள். நம் மகள் வயதுள்ள கவுன்சிலர், பூங்காவைப் பற்றிய ஆய்வறிக்கையைச் சத்தமாக வாசித்தார். எட்டு வடிவ நடைபாதை நல்ல நிலையில் உள்ளது, ஊஞ்சல் ஒன்று பழுது, கிழக்கு மூலை பயன்பாட்டில் இல்லை. வாசித்துவிட்டு, "எல்லாம் சரிதானா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கிழக்கு மூலையில் தினமும் சாயங்காலம் பெண்பிள்ளைகள் கபடி ஆடுவது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு என்று மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் எழுந்து அறிக்கை தப்பு என்று சொன்னேன். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் உங்களில் இரண்டு பேர், ஓய்வு பெற்ற காலத்தில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டீர்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு நான் பத்து வயதில் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் போதாது என்பதால் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஒரு சின்ன நகராட்சி, வாய்க்காலும் வயலும் சூழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால், நான் சொல்லப்போகும் பூந்தொட்டிகளைத் தூக்கியது நாங்கள்தான் என்று ஆளாளுக்கு எனக்குப் போன் பண்ணுவார்கள்.

எங்கள் ஊர்ப் பூங்கா வாய்க்கால் கரையில் இருந்தது. நடுவில் ஓர் எட்டுமூலை மண்டபம். அதன் உச்சியில் நகராட்சி ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கி. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கொஞ்ச நேரம் கரகரவென்று தொண்டையைச் சரிசெய்துவிட்டுத்தான் அது பேச ஆரம்பிக்கும். மண்டபத்தைச் சுற்றித் தொட்டிகளில் குரோட்டன்ஸ் செடிகள், சிமெண்டு பெஞ்சுகள். கீழ்ப்பக்கம், வாய்க்கால் மதிலை ஒட்டி, என்ன செய்தாலும் புல் பிடிக்காத ஒரு செம்மண் துண்டு. அந்தத் துண்டில்தான் நாங்கள் வளையப்பந்து ஆடினோம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. கையகலத்துக்குச் சற்று பெரிய ரப்பர் வளையம். வலைக்கு அந்தப்பக்கம் இருந்து ஒருத்தி எறிவாள், இந்தப்பக்கம் இருப்பவள் ஒரே கையால் பிடித்து உடனே திருப்பி எறியவேண்டும். தரையில் விழுந்தால் புள்ளி போச்சு. எங்களிடம் இருந்தது ஒரே வளையம். அது ஓர் இடத்தில் வெடித்து, சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுகிற துண்டை வைத்து ஒட்டிக்கொடுத்தது. ஆடிவிட்டு வந்து எத்தனை தடவை கை கழுவினாலும் சாப்பாட்டில் அந்த ரப்பர் வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும். ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று இறங்கும்போது வளையம் நேராக வராது, தலைக்கு மேல் வந்து சட்டென்று சரியும். அந்தக் காற்றுக்கு ஏற்றபடி எறிய எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் என் அக்கா.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் அதிகம் பேசமாட்டாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். களத்தில் இறங்கினால் வேறு ஆள். "ஏட்டி, எவளாவது கோட்ட மிதிச்சா வெளிய போயிரணும்" என்று எங்களை அதட்டுவாள். ஊரில் பையன்களுக்கு ஆற்று மணல் இருந்தது, பள்ளிக்கூட மைதானம் இருந்தது, அறுவடை முடிந்த வயல் இருந்தது. எங்களுக்கு இந்தச் செம்மண் துண்டு மட்டும்தான். சுற்றிலும் மதில், ஒரே வாசல், வாசலில் பூங்காக்காரர். அந்த மூன்றும் இருந்ததால்தான் அம்மா அக்காவை அனுப்பினாள். அதுவும் வாரம் ஒரு தடவையாவது, இந்த ஆவணியோடு சரி, அதற்குப் பிறகு வீட்டோடு இரு என்று சொல்லிக்கொண்டுதான் அனுப்பினாள். அவள் ஆடுவதை அம்மா ஒருநாளும் வந்து பார்த்ததில்லை.

பூங்காக்காரர் நகராட்சி ஊழியர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. அவர் எந்நேரமும் தூங்குகிறார் என்று ஊரே சொல்லும். விடிவதற்கு முன்னால் எழுந்து ஊருக்கெல்லாம் குடிநீர்க் குழாய் திறந்துவிடுகிற வேலையும் அவர் தலையில்தான் என்று எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தூங்காமல் என்ன செய்வார், பாவம். நாங்கள் ஆட ஆரம்பித்த பிறகு மதில் ஓரம் சீட்டாடிய ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், ஆடுகளும் உள்ளே வருவதை விட்டுவிட்டன. அதனால் அவருக்கு எங்களைப் பிடிக்கும். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றிவிட்டு ஆடவேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஒரே ஒரு சிக்கல். வாசலில் பெரிய தகரப் பலகை ஒன்று இருந்தது. பச்சையில் வெள்ளை எழுத்து. 'பூங்காவில் விளையாடக் கூடாது. உத்தரவுப்படி.' யாருடைய உத்தரவு என்று அதில் இல்லை.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா அதே நகராட்சியில் எழுத்தர். கமிஷனர் எங்கே ஆய்வுக்குப் போனாலும் சிவப்பு நாடா கட்டிய கோப்போடு பின்னால் போவார். ஆய்வு என்றால் திடீர் ஆய்வு. ஆனால் ஜீப்புக்கு முதல்நாளே பெட்ரோல் போடவேண்டும், அதற்கு அப்பாதான் குறிப்பு எழுதவேண்டும் என்பதால் ஊரில் திடீரென்று எதுவும் நடக்காது. குறிப்பு எழுதிய அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிடுவார்.

"ஏட்டி, பூங்கா அண்ணாச்சிகிட்ட போயி, நாளைக்கு அய்யா வாராக, தொட்டியெல்லாம் எடுத்து வைக்கணும்னு சொல்லிட்டு வா."

நான் ஓடுவேன். பூங்காக்காரர் துண்டை உதறிக் கட்டுவார். அடுத்த அரைமணி நேரத்தில் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து வலை கட்டிய கம்பத்தைப் பிடுங்கி மதிலுக்குப் பின்னால் போடுவோம். சுண்ணாம்புக் கோட்டைத் தண்ணீர் ஊற்றிக் கலைப்போம். மண்டபத்தைச் சுற்றியுள்ள தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து களத்தின் மேல் வரிசையாக அடுக்குவோம். பெரிய தொட்டிக்கு நாலு பேர் வேண்டும். அடியில் ஈரமண்ணில் மண்புழு நெளியும், ஒருத்தி கத்துவாள், மற்றவர்கள் சிரிப்போம். மறுநாள் கமிஷனர் வந்து பார்ப்பார். தொட்டிகள் அழகாக நிற்கும். அவர் போன பிறகு நாங்களே திரும்பத் தூக்கி வைப்போம். மூன்று வருஷம் இப்படி நடந்தது. பூங்காக்காரர் எங்களைக் காப்பாற்றுகிறார், அப்பா பூங்காக்காரரைக் காப்பாற்றுகிறார், நான் இரண்டு பேருக்கும் நடுவில் முக்கியமான ஆள் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வருஷம் புதிய கமிஷனர் வந்தார். வடக்கே எங்கோ ஊர். சிரிக்கமாட்டார். வந்த முதல் வாரமே ஆபீஸில் சாப்பாட்டு அறையில் கிடந்த கேரம் போர்டை எடுக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்கு விளையாட்டு என்றாலே ஆகாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆபீஸ் நேரத்தில் மனுவோடு வந்த ஆட்களை நிற்கவைத்துவிட்டுக் கேரம் ஆடினார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அவர் காலத்தில் மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு நடக்கிறது, எங்கே நடக்கிறது, வலை, பந்து ஏதும் தேவையா என்று கேட்டு. அப்பா அதற்குப் பதில் தட்டச்சு செய்தார். அந்தக் காலத்தில் அதற்கு 'இன்மை அறிக்கை' என்று பெயர். அதாவது, எங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லை. கூடவே, பழைய ஆய்வுக் குறிப்பைப் பார்த்து, பூங்காவின் கீழ்ப்பகுதியில் தொட்டிகள் மட்டுமே உள்ளன, பொதுமக்கள் பயன்பாடு இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்த அதே சாயங்காலம் அக்கா அங்கே ஆடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அப்பா முகம் வாடி வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் அம்மாவிடம் சொன்னார். நகராட்சிக்குக் குப்பை லாரி இரண்டு வருகிறதாம். நிறுத்த இடம் வேண்டுமாம். பயன்படாத இடம் எது என்று கமிஷனர் கோப்பைப் புரட்டியிருக்கிறார். பூங்காவின் கீழ்ப்பகுதி என்று அப்பாவின் எழுத்தே அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. மதிலை இடித்து வாசல் வைத்து, மேலே தகரம் போட்டு லாரிக் கொட்டகை. மறுநாள் காலையில் பத்து மணிக்கு அளந்து பார்க்க வருகிறார்கள்.

"போனாப் போகுது. எப்படியும் ஆவணியோட இவள நிறுத்தத்தானே போறோம்" என்றாள் அம்மா.

அக்கா தட்டில் இருந்த சோற்றை ஒருபக்கமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து நாங்கள் தூக்கி வைத்த தொட்டிதான் இடத்தைப் பிடுங்குகிறது என்பது பத்து வயதுக்கே புரிந்துவிட்டது. பெரியவர்களுக்கு ஏன் புரியவில்லை என்றுதான் புரியவில்லை. அப்பா கை கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். பூங்கா அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டு வா. கடைசி நேரத்தில் அய்யா களத்தைப் பார்த்துவிட்டால் அண்ணாச்சியின் வேலைக்கே ஆபத்து.

நான் போனேன். முழுசாக இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பூங்காக்காரர் வாளியால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்து உதறினார்.

"என்னட்டி, அப்பா ஏதும் சொல்லி விட்டாகளா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த நிமிஷம் வரைக்கும் சொல்லத்தான் போகிறேன் என்றிருந்தேன். வாய் வேறு சொன்னது.

"இல்ல அண்ணாச்சி. சும்மா சுகம் கேட்டுட்டு வரச் சொன்னாக."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று வருஷத்தில் அப்பா அவரைச் சுகம் விசாரித்ததே இல்லை. பிறகு சிரித்து, நல்லா இருக்கேன்னு சொல்லு என்றார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேலை போய்விட்டால் நான்தான் காரணம். அவருக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான், என் வகுப்பில் படித்தான். வீட்டில் அப்பா, சொல்லிவிட்டாயா என்று கேட்கக்கூட இல்லை. மூன்று வருஷப் பழக்கம்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி கிடையாது. ஒன்பது மணிக்கெல்லாம் அக்காவும் கூட்டாளிகளும் களத்தில் இருந்தார்கள். கடைசி நாள் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லியிருப்பாள் போல, தொட்டி வைக்க அண்ணாச்சி கூப்பிடும்வரை ஆடலாம் என்று. புதிதாகச் சுண்ணாம்பு வாங்கிவந்து கோடு போட்டிருந்தாள். காற்று பலமாக இருந்தது. பத்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. பூங்காக்காரர் வாசலில் எழுந்து நின்று, ஜீப்பைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கமிஷனர் முன்னால், இன்ஜினீயர் அளவுநாடாவோடு, பின்னால் கோப்போடு அப்பா. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படி அப்படியே நின்றார்கள். வளையம் அக்காவின் கையில்.

கமிஷனர் கோட்டைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். "இது எப்போ போட்டது?" என்று கேட்டார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "போன தடவை நான் வந்தப்போ இங்க தொட்டிதானே இருந்தது?"

அப்பா பயந்தவர். ஆபீஸில் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசாதவர். நேற்றுப் போட்டது அய்யா, எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிவிடுவார், பூங்காக்காரர் மாட்டுவார். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு வருஷமா இங்கனதான் இருக்கு அய்யா" என்றார் அப்பா. "நீங்க வரும்போது மேல தொட்டிய வச்சிருவோம். நான்தான் வைக்கச் சொன்னேன்."

"ஏன்?"

அப்பா வாசல் பலகையைக் காட்டினார். கமிஷனர் அங்கேயே நின்று அதைப் படித்தார். யார் வைத்தது என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. இன்ஜினீயருக்குத் தெரியவில்லை. தான் வேலைக்கு வரும்போதே அது இருந்தது என்றார் பூங்காக்காரர். பிறகு தெரிந்தது, அப்படி ஓர் உத்தரவு கோப்பில் எங்கேயும் கிடையாது. யாரோ ஒரு காலத்தில் யாரையோ விரட்ட எழுதி மாட்டியது. அதற்குப் பயந்துதான் இத்தனை மண்ணையும் சுமந்திருக்கிறோம்.

கமிஷனர் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்து, "நிறுத்தாதீங்க. ஆடுங்க" என்றார்.

முதல் இரண்டு எறிதலும் வலையிலேயே விழுந்தன. அதற்குள் ஆபீஸ் பியூன் யாரோ வீட்டில் போய்ச் சொல்ல, அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து வாசலில் நின்றாள், அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று. அவள் வந்து நின்ற நேரம், காற்றில் சரிந்து பின்கோட்டுக்குப் போன ஒரு வளையத்தை அக்கா பின்னாலேயே ஓடி, இடுப்பை வளைத்து, இடது கையால் பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே திருப்பி எறிந்தாள். அது காற்றை ஏமாற்றி அந்தப்பக்கம் மூலையில் போய் விழுந்தது. அளவுநாடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்ஜினீயர் கைதட்டினார். அம்மா வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அப்பாவை அவள் பார்க்கவே இல்லை.

கமிஷனர் எழுந்தபோதும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குச் சந்தைமேட்டில் இடம் பார்க்கச் சொன்னார். அப்பாவிடம், அன்று சாயங்காலத்துக்குள் இந்தக் களத்தின் விவரம் முழுவதும் எழுதி வரவேண்டும், மூன்று வருஷமாக உண்மையை மறைத்ததற்கு விளக்கமும் வேண்டும் என்றார். பூங்காக்காரருக்கு எச்சரிக்கையோடு போயிற்று. அப்பாவை அடுத்த மாதமே பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். அங்கே திடீர் ஆய்வு கிடையாது, அப்பா ஓய்வு பெறும்வரை நிம்மதியாக இருந்தார். எவ்வளவு பெரிய கோழை என்று நான் நினைத்திருந்தேனோ அந்த அப்பாவை, பலகையில் எழுதியிருந்த நாலு வார்த்தைக்குப் பயந்த ஒரு சாதாரண மனுஷன் என்று புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. நாம் எல்லாரும் அப்படித்தானே.

மத்தியானம் அப்பா கூடத்தில் தாளை விரித்து உட்கார்ந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து நான் சொல்லி விட்டத மறந்துட்டியா, சொல்லலையா?"

"சொல்லலப்பா."

"பயமா இல்லையாட்டி?"

"இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடிக்கவில்லை, வையவும் இல்லை.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அவள் கதவோரம் வந்து நின்றாள். களத்தின் நீளம் என்ன என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை அப்பா அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாப்பது அடி."

"அகலம்?"

"பதினெட்டு. வலைக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி விடணும்ப்பா. அங்கன விழுந்தா செல்லாது." சொல்லச் சொல்ல அவள் குரல் களத்துக் குரலாக மாறியது. கதவை விட்டு முன்னால் வந்துவிட்டாள்.

அப்பா எல்லாவற்றையும் எழுதினார். வலை ஒன்று, வளையம் நான்கு தேவை என்று எழுதினார். கடைசியில், ஆடுவோர் யார் என்று ஒரு கட்டம். "பள்ளிச் சிறுமியர்னு போட்டுருதேன்" என்று தனக்குள் சொன்னபடி பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தார். அக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அது கடைசி வருஷம். அந்த வார்த்தை அந்தக் கட்டத்தில் விழுந்துவிட்டால், அடுத்த வருஷம் பூங்காக்காரரே நினைத்தாலும் அவளை உள்ளே விடமுடியாது. இந்தத் தடவை உத்தரவு அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

"பெண்கள்னு எழுதுங்க" என்றாள். "வயசு போடாதிய."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள், எழுதி முடிக்கும்வரை. அப்போது அம்மாவுக்கு முப்பத்து மூன்று வயதுதான் என்பதை நான் இத்தனை வருஷம் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தேன்.